செலவு செய்யச் சொன்னது யார்?

அன்புக்குரிய மாமன்மாரே, பெரியப்பா சித்தப்பாமாரே, அத்தைமாரே, அங்காளி பங்காளிகளே,



"யாரு அவன இம்புட்டுச் செலவு பண்ணச் சொன்னா?" என்று கேட்கிறீர்கள். டீக்கடை பெஞ்சில் கேட்கிறீர்கள். துக்க வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். கடன் கொடுத்தவன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போன மறுநாள் காலையில், அந்த வீட்டைத் தாண்டும்போது உள்ளே இருப்பவர்கள் காதில் விழும்படியே கேட்கிறீர்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுகிறீர்கள். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நீங்கள்தான் சொன்னீர்கள்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். மதுரை, சிவகங்கை, விருதுநகர், தேனி என்று நம் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு, வாங்கிய கடனுக்கு வீட்டையே கிரயம் செய்து கொடுத்தவர் ஒருவர். அக்கா பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோய் இறக்கியவர், ஆறு மாதம் கழித்துத் தன் லோடு வண்டியை ஃபைனான்ஸ்காரனிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருப்பார். இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறீர்கள்: விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், தகுதிக்கு மீறிச் செய்தான், படுகிறான், இதில் இரக்கப்பட என்ன இருக்கிறது? என்னால் இந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று நடு வீட்டில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து நீங்கள் பேசியதை நினைத்துப் பாருங்கள். "நாங்க ஒண்ணும் கேக்கல. ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யறதச் செய்ங்க." அடுத்த வாய்க் காப்பியைக் குடிப்பதற்குள், "மூத்த மருமகளுக்கு அவுக வீட்டுல நாப்பது பவுன் போட்டாக" என்றும் சொன்னீர்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. ஆனால் இப்படிப் பேசுகிறவரை அந்தச் சட்டத்தில் பிடிப்பது லேசல்ல. கேட்கவும் இல்லை, கேட்காமல் விடவும் இல்லை. பெண்ணின் அப்பா தூணில் சாய்ந்துகொண்டு "செஞ்சிருவோம் மாப்ள" என்றார். அவருடைய கடன் ஆரம்பித்தது அங்கேதான். ஆடம்பர ஆசையில் அல்ல.

அந்தப் பவுன் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2019 செப்டம்பரில் ஒரு பவுன் 30 ஆயிரத்தைத் தொட்டபோது ஊரே வாயைப் பிளந்தது. 2025 அக்டோபரில் அதுவே 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆறே வருடத்தில் மூன்று மடங்கு. 2019-ல் 20 பவுன் போட 6 லட்சம் போதும். 2025 அக்டோபர் விலைக்கு 18 லட்சம் வேண்டியிருந்தது. செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் தனி. கொத்தனார் கூலியும் மில் சம்பளமும் இதே ஆறு வருடத்தில் மூன்று மடங்காகிவிட்டனவா? நீங்கள் கேட்கிற பவுன் எண்ணிக்கை மட்டும் இறங்கவே இல்லை. அக்காளுக்கு இருபது போட்டால் தங்கச்சிக்கும் இருபது போட்டாக வேண்டும். குறைத்தால் "ரெண்டாவதுன்னா எளப்பமா?" என்று கேட்பவர்களும் நீங்கள்தான்.

தாய்மாமன் சீரும் இதே கதைதான். கொட்டு மேளம், வேட்டு, குட்டியானை வண்டியில் பீரோ, கட்டில், கிடா, தலையில் தட்டேந்தி வரிசையாக வரும் பெண்கள். அந்தத் தட்டுகளை எண்ணுவது யார்? "போன மாசம் அவுக வீட்டு விசேஷத்துல நூத்தியோரு தட்டு வந்துச்சு" என்று அக்காக்காரி காதில் ஓதுவது யார்? குறைத்துச் செய்தவனுக்கு முறை செய்யத் துப்பில்லாதவன் என்று பெயர். அந்தப் பெயர் அவனோடு போவதில்லை. அவன் அக்காள் தன் மாமியார் வீட்டில் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடன் வாங்கியாவது அவன் செய்தான் என்றால், அந்தப் பேச்சிலிருந்து அக்காளைக் காப்பாற்றத்தான் செய்தான். இதை ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எளிமையாக முடித்திருக்கலாமே என்பீர்கள். முடித்தவர்களை நீங்கள் என்ன பாடு படுத்தினீர்கள் என்றும் சொல்கிறேன். கோயிலில் தாலி கட்டிவிட்டு ஐம்பது பேருக்கு ஓட்டலில் சாப்பாடு போட்டு அனுப்பியவரிடம், "என்ன அவசரக் கல்யாணம், ஏதும் விவகாரமா?" என்று விசாரித்தீர்கள். அந்தப் பெண் மாசமானபோது விரல் விட்டு மாதத்தை எண்ணினீர்கள். 1928-லேயே, சடங்கும் ஆடம்பரமும் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் நடந்த சுக்கிலநத்தம் நம் அருப்புக்கோட்டைப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1967-ல் அண்ணாவின் அரசு அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரமும் கொடுத்துவிட்டது. மேடையில் இதைப் பெருமையாகப் பேசுகிறோம். வீட்டுக்கு வந்ததும் "நாலு பேரு மதிக்க வேணாமா?" என்கிறோம். அந்த நாலு பேர் நீங்கள்தான், மாமா. வேறு யாரும் இல்லை.

கல்யாணத்தன்று மதியம் மூன்று மணிக்கு மண்டபத்தில் என்ன நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். மணமக்களும் போயிருப்பார்கள். மணமகள் அறைக் கட்டிலில் ஒரு பெட்ஷீட்டை விரித்து, அதில் மொய்ப் பணத்தைக் கொட்டி எண்ணிக்கொண்டிருப்பார்கள். கிழித்துப் போட்ட மொய்க் கவர்கள் காலடியில் கிடக்கும். கம்ப்யூட்டர் மொய் எழுதிய பையன் மொத்தக் கணக்கை அச்சடித்து நீட்டுவான். கதவுக்கு வெளியே சமையல் மாஸ்டர் நிற்பார். அவருக்குப் பின்னால் பந்தல்காரர், மேளக்காரர், வீடியோக்காரர், மேடை ஜோடித்தவர். மண்டப மேனேஜர் கரன்ட் மீட்டரைப் பார்த்து எழுதிய சீட்டோடு வருவார். வாடகை வேறு, கரன்ட் வேறு, ஜெனரேட்டர் டீசல் வேறு, காணாமல் போன கரண்டிக்கும் குவளைக்கும் வேறு. பெண்ணின் அப்பா, காலையில் கட்டிய பட்டுவேட்டி கசங்கிப்போய், நோட்டுக்கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டபடி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார். நாலாவது ஆள் வரும்போது பணம் தீர்ந்துவிடும். கட்டில் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து யாருக்கோ போன் போடுவார். அரை மணி நேரத்தில் பைக்கில் ஒருவன் வந்து ஐம்பதாயிரத்தைக் கொடுத்துவிட்டுப் போவான். அதற்கு என்ன வட்டி என்று அவர் அன்றைக்குக் கேட்பதில்லை. சமையல்காரரைச் சம்பளம் கொடுக்காமல் அனுப்பிவிட்டார் என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது அவர் மனதில் இருக்கும்.

பிறகு வட்டி ஓட ஆரம்பிக்கிறது. அஞ்சு வட்டி என்பது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். மூன்று லட்சத்துக்கு மாதம் 15 ஆயிரம். இருபது மாதம் நாள் தவறாமல் கட்டினாலும், கட்டியது மூன்று லட்சம், நிற்பதும் மூன்று லட்சம். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. பட்டணத்துப் பிள்ளைகள் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், அங்கேயும் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் ஓடுகிறது. மண்டபச் செலவு ஒரு நாளோடு முடிந்துவிட்டது. வாங்கிய அளவுக்கே கட்டி முடித்த பிறகும் ஒருவர் கடனாளியாகவே நிற்கிறார் என்றால், அவரை அழிப்பது அவர் செய்த ஆடம்பரமா, இந்த வட்டியா? கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணிநேர வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்து இருக்கிறது; மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. அந்தச் சட்டப்படி குற்றம் செய்கிறவன் நம் தெருவில் கௌரவமாக நடந்து போகிறான். கடன்பட்டவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். தலை குனிய வேண்டியவர் யார் என்பதையே மாற்றிப் போட்டுவிட்டோம்.

உங்கள் பக்க நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. "நாங்க வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்தோம். தீவாளிக்கு ஒரு துணி எடுக்கல. அவன் ஆடித் தீத்துட்டு வந்து நின்னா, அவனையும் எங்களையும் ஒரே தட்டுல வப்பியா?" என்று கேட்பீர்கள். உங்கள் சிக்கனத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதைக் குறைத்துப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஒரே முகூர்த்தத்தில், ஒரே மண்டபத்தில், ஒரே அளவு செலவில் தங்கள் பெண்களுக்குக் கல்யாணம் செய்த இரண்டு பேர் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ஒருவருக்கு மகன் சவுதியிலிருந்து பணம் அனுப்பிக் கடனை அடைத்தான். இன்னொருவருக்கு அடுத்த வருடமே மனைவிக்குக் கிட்னி போய், வாரம் இரண்டு டயாலிசிஸ். முதலாமவரை "ஜாம்ஜாம்னு செஞ்சான்யா" என்று இன்றுவரை புகழ்கிறீர்கள். இரண்டாமவரைத் தகுதிக்கு மீறியவன் என்கிறீர்கள். இருவர் செலவும் ஒன்றுதான். நீங்கள் செலவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை, விழுந்ததைப் பார்த்துச் சொல்கிறீர்கள். ஆடம்பரம் குற்றம் என்றால், கல்யாணப் பந்தியிலேயே எழுந்து அதைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் தவணையில் போனும் பைக்கும் வாங்கித் தள்ளியவனுக்கும், ஆன்லைன் ரம்மியில் விட்டவனுக்கும் இதே இரக்கமா என்பீர்கள். அவர்களுக்கும் மகள் கல்யாணத்துக்குக் கடன்பட்டவருக்கும் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. சட்டமும் அந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. மஞ்சள் கடுதாசி கொடுத்தான் என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, அந்தத் திவால் சட்டம் 1920-ல் வந்தது. காரணமில்லாத ஆடம்பரத்தாலோ சூதாட்டத்தாலோ ஒருவன் திவாலானான் என்று தெரிந்தால், முழு விடுதலையை நீதிமன்றம் மறுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அவனை அப்படியே கைகழுவிவிடச் சொல்லவில்லை. தள்ளிவைத்தோ, நிபந்தனை போட்டோ அவனுக்கும் ஒரு நாள் விடுதலை கொடுக்கலாம். ஜப்தி செய்ய அமீனா வந்தாலும் உடுத்தும் துணியை, சமையல் பாத்திரத்தை, படுக்கையை, தொழிலாளியின் கருவியை, பெண்ணின் தாலியைத் தொடக் கூடாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம். 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கொடுத்த தீர்ப்பு, கையில் இல்லாத ஒரே காரணத்துக்காகக் கடனாளியைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்றது. இருந்தும் கொடுக்காமல் ஏய்ப்பவன் கதை வேறு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கும் கோர்ட்டுக்கும் இருந்த அளவு ஈரமாவது, ரத்த சொந்தமான உங்களுக்கு இருக்கக் கூடாதா?

இரக்கம் என்றதும் மடியில் இருப்பதை அவிழ்த்துக் கொடுக்கச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவர் கடனை நீங்கள் கட்ட வேண்டாம். தப்பே செய்யவில்லை என்று நீங்கள் சொல்லவும் வேண்டாம். அவரைத் தனியாக விடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தனியாக விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் தீயில் எரிந்துபோனார்கள். அவர்கள் கந்துவட்டிக் கொடுமையைப் பற்றி மனு மேல் மனுவாகக் கொடுத்துப் பார்த்தவர்கள். இன்றைக்கும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கப் போகிறவர்களின் பைகளை, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலில் போலீசார் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அந்த வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் கூட ஒரு சொந்தக்காரர் இருக்க மாட்டார்.

அத்தைமாரே, அக்காமாரே, உங்களிடம் தனியாக ஒன்று. குழுக் கடன் வசூல் நாளில், கட்ட முடியாதவளின் வீட்டு வாசலில் போய் உட்கார்வது நீங்கள்தான். வசூலிக்க வருகிற பையன் "அவங்க கட்டற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு பைக்கில் சாய்ந்து நிற்கிறான். அவன் கத்த வேண்டிய கத்தலை உங்களைக் கத்த வைக்கிறான். "சடங்கு வீட்டுக்குப் பட்டெடுக்கத் தெரிஞ்சுச்சுல்ல" என்று நீங்கள் சொன்ன ஒரு சொல், அவன் கொடுக்கும் நோட்டீசைவிட அவளை ஆழமாக வெட்டுகிறது. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணையாகப் போகக் கூடாது என்பது மைக்ரோ ஃபைனான்ஸுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதி. அவளுக்கு நாலாவது கடனையும் ஐந்தாவது கடனையும் கொடுத்தவன் அதைப் பார்த்தானா என்று அவனைக் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் போன் போட்டு மிரட்டக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் நம் சட்டமன்றமே ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அவள் பக்கம் நின்று நாலு பெண்கள் இதைச் சொன்னால் அந்தப் பையன் குரலை இறக்குவான்.

மாமன்மாரே, மொய் நோட்டை இன்றைக்கே எடுத்துப் பிரியுங்கள். கடனில் நிற்கும் அந்த வீட்டுக்காரர் உங்கள் விசேஷத்தில் எழுதிய மொய் எவ்வளவு, நீங்கள் திருப்பிச் செய்தது எவ்வளவு என்று பாருங்கள். பாக்கி இருந்தால், அவர் வீட்டில் அடுத்த காரியம் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கொண்டுபோய்க் கொடுங்கள். அது தர்மம் அல்ல, அவருடைய பணம். ஒரு இருபது வீட்டில் இப்படிப் புறப்பட்டால் அசலில் ஒரு பகுதி கழியும். அவர்தான் உங்களுக்குச் செய்ய வேண்டும் என்றால், இந்த வருடம் அழைப்பிதழ் வைக்கும்போதே, "மொய்யப் பத்திக் கவலப்படாத மாப்ள, நீ வந்து நின்னாப் போதும்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். மொய் வைக்க முடியாமல்தான் அவர் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வராததற்கு அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்களும் உங்களில் இருக்கிறீர்கள்.

படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு நாள் லீவு போட்டு, அவரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கு இலவசமாக வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வட்டிக்காரனோடு கணக்குப் பேசும் நாளில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் கூட உட்காருங்கள். எழுதாத வெள்ளைப் பேப்பரிலோ வெற்றுப் பத்திரத்திலோ அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அவர் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே போய்ப் பாருங்கள். மனம் உடைந்தவர்கள் பேச அரசின் 14416 எண் இரவு பகலாக இருக்கிறது. அதைவிட உங்கள் குரல்தான் அவருக்கு முக்கியம்.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். பெண் பார்க்கவும் நிச்சயம் பேசவும் நீங்கள் கூட்டமாகக் கிளம்புவீர்கள். அந்த ஜமுக்காளத்தில் உட்காரும்போது எத்தனை பவுன் என்று யாரும் கேட்காதீர்கள். பேச்சு அந்தப் பக்கம் போனால் உங்களில் மூத்தவர் கையைக் காட்டி நிறுத்துங்கள். சீர் தட்டுகளை எண்ணாதீர்கள். கோயிலில் முடித்த கல்யாணத்துக்கும் பட்டுக் கட்டிப் போய் வாழ்த்திவிட்டு வாருங்கள். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கடனில் நிற்கும் அந்த வீட்டுக்கு, இந்த ஞாயிற்றுக்கிழமையே நாலு பேர் சேர்ந்து போங்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "எவ்வளவு நிக்குது, யாருக்கெல்லாம் கொடுக்கணும், சொல்லு, உக்காந்து பேசுவோம்" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொந்தத்தில் ஒருவன்